எந்த மழைக்கு

மஞ்சக்குப்பத்தில் டெய்லர் பக்கிரிசாமி
ரவிக்கை எப்போது வேண்டும் என்று கேட்டார்.
மழைக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டேன்.
வாய் தவறித்தான்.
பதினோரு நாளாகியும்
ஊர் திரும்பாத வாய்.

பெலெமில் யாரும் மணி சொல்வதில்லை.
சந்தைக்கு மழைக்கு முன்னால் போகலாமா
பின்னால் போகலாமா என்றுதான் கேட்டாள்
விடுதிக்காரி லூசிநெய்ஜி.
என் வயதுதான் இருக்கும்,
முழங்கையில் எண்ணெய் பட்ட தழும்பு.
கைபேசியில் இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
இரண்டு முறையும் மழை என்றே வந்தது.

முந்திரி உடைக்கிற மெஷினைப் பார்க்கக்
கம்பெனி அனுப்பியது.
கடலூரிலிருந்து பிரேசிலுக்கு நாற்பத்தோரு மணி நேரம்,
புளிசாதம் சென்னை ஏர்போர்ட்டிலேயே தீர்ந்தது.
மெஷின் வேறு ஊரில். பார்த்தாயிற்று. விலை படியவில்லை.
திரும்பும் டிக்கெட்டுக்கு மூன்று நாள் மிச்சம்.
அதுதான் பெலெம்.
கல்யாணத்துக்குப் பிறகு
எனக்கே எனக்கென்று கிடைத்த மூன்று நாள்
என்று எழுதலாம்.
எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

தெருவெல்லாம் மாமரம்.
பழம் கார் மேல் விழுகிறது,
கார்க்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.
எங்கள் புதுப்பாளையத்தில் ஒற்றை மரத்துக்குச் சுவர்,
சுவர் மேல் கண்ணாடிச் சில்,
அதற்கும் மேலே பக்கத்து வீட்டுப் பையன்.

ஆற்றங்கரைச் சந்தையில்
மீன் செதில்களுக்கு நடுவே கருங்கழுகுகள்
வட்டி வசூலிக்க வந்தவர்கள் மாதிரி உலாத்தின.
அக்கரை தெரியவில்லை.
பாலத்தில் பஸ் ஏறி இறங்குவதற்குள்
கெடிலம் முடிந்துவிடுகிற ஊர் என்னுடையது.
அதே ஆறு என்ற சொல்லை
இதற்கும் சொல்ல வாய் கூசியது.

முந்திரிப் பழத்தைப் பிழிந்து
டம்ளரில் தந்தாள் ஒருத்தி.
கொட்டையைத் திருகிக்கொண்டு
மரத்தடியில் ஈக்கு விட்டுவிடுவோமே, அந்தப் பழம்.
தொண்டை கரகரத்தது.
காசு கொடுத்துக் குடித்தேன் என்றால்
காடாம்புலியூரே சிரிக்கும்.
இன்னொரு டம்ளர் வாங்கினேன்.

மூன்று மணிக்கு வந்தது.
காற்றில்லை, கூச்சலில்லை.
வீட்டு வேலைக்கு வருகிறவள் போல
வந்து, தெருவைக் கழுவிவிட்டு
நாலரைக்குப் போய்விட்டது.
கூரையடியில் ஒதுங்கியவர்கள்
விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள்.
ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை.
நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்:
மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர்,
பாலிதீனில் சுற்றிய ரேஷன் கார்டு,
பத்திரம்.

ராத்திரி லூசிநெய்ஜி கேட்டாள்,
மழைக்குப் போய் ஏன் முகம் வெளுத்தாய் என்று.
எங்கள் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள் என்றேன்.
கைபேசி அதைப் பறவைக் கூண்டாக்கியது.
என்ன பறவை என்றாள்.

தானே, என்றேன்.
பெயரைப் பார்.
தானே வந்தது விடிவதற்குள்,
தானே போனது.
நடுவில் அப்பாவின் எழுபத்திரண்டு முந்திரி
வேர் மேலே தெரிய
ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தது.
அப்பா ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இருபது நாள் கரண்ட் இல்லை.
அந்த இருட்டில் அவர் முகத்தைப்
பார்க்க வேண்டியிருக்கவில்லை,
அது ஒன்றுதான் லாபம்.

கைபேசி இதை எப்படிப் பெயர்த்ததோ.
அவள் எழுந்து உள்ளே போய்
ஒரு தட்டு வறுத்த முந்திரி கொண்டுவந்து வைத்தாள்.
தின்னும் முன்பே என் கண் ரகம் பிரித்தது.
முன்னூற்றிருபது. நடுத்தரம்.
தட்டு காலியாகும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

இங்கே கடல் பழுப்பாகிவிட்டது.
முதுநகரில் மூன்றாம் எண் ஏற்றியாயிற்றாம்,
ரேடியோ சொல்கிறது.
பக்கிரிசாமி கழுத்து டேப்பை எடுக்காமல்
கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல்
என்னையே பார்க்கிறார்.

எந்த மழைக்கும்மா? என்கிறார்.